வீட்டு விறகை நானே அறுத்துக்கொள்ள எந்தச் செயின்சா வாங்கலாம்?

புதுக்கோடாரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் நிலத்தில் காற்றில் சாய்ந்த மரங்களும் அவ்வப்போது கழித்துப் போட்ட கிளைகளும் ஒரு பக்கமாகக் குவிந்து கிடக்கின்றன. இதுவரை வில் ரம்பத்தையும் கோடாரியையும் வைத்துக்கொண்டு வேண்டிய அளவுக்கு மட்டும் விறகாக்கி வந்தேன். அந்த வேகத்தில் மேலே கிடப்பது தீர்வதற்குள் அடியில் கிடப்பது உளுத்துப் போய்விடுகிறது. அதனால் ஒரு செயின்சா வாங்கி, ஆண்டுக்கு வேண்டியதை ஒரே மூச்சில் அறுத்து அடுக்கிவிடலாம் என்று எண்ணுகிறேன். செயின்சாவை இதற்கு முன் கையில் எடுத்ததே இல்லை.

மரங்களின் பருமனையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை 15 முதல் 25 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளவை. ஒரு சில அடிமரங்கள் மட்டும் 40 சென்டிமீட்டரைத் தொடும். பாதிக்கு மேல் வைரம் பாய்ந்த கடின மரம். விழுந்து பல மாதங்கள் ஆகிவிட்டதால் நன்றாகக் காய்ந்தும் இருக்கிறது. எனக்கு ஆண்டுக்குத் தேவைப்படுவது நான்கைந்து கனமீட்டர் விறகுதான். நின்றிருக்கும் மரத்தை வெட்டிச் சாய்க்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.

விசாரித்தவரையில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். 58 சிசி என்று எழுதிய, 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) பூட்டிய பெட்ரோல் மிஷின் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. பெரிதாக வாங்கினால் சிறியதையும் அறுக்கலாம், பெரியதையும் அறுக்கலாம் என்பது அதை விற்பவரின் வாதம். இன்னொருவர் பெட்ரோலே வேண்டாம், பேட்டரியில் ஓடுவது போதும் என்கிறார். என் தேவைக்கு எத்தனை சிசி, எத்தனை அங்குல பார், எந்த வகை மிஷின் பொருந்தும் என்பதைக் காரணத்தோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அடிமரம் (மறுமொழி)

பருமனையும் ஆண்டுத் தேவையையும் முதலிலேயே சொன்னதால் பதில் சொல்வது எளிதாகிவிட்டது. பலர் மிஷினின் பெயரை மட்டும் சொல்லி நல்லதா கெட்டதா என்று கேட்பார்கள்; எதை அறுக்கப் போகிறார் என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல இயலாது.

பாரிலிருந்து தொடங்குவோம். பாரின் நீளம் நீங்கள் அடிக்கடி அறுக்கும் மரத்தின் குறுக்களவைவிடச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். எப்போதோ வரும் பெரிய அடிமரத்துக்காக அதை நீட்ட வேண்டியதில்லை. 16 அங்குல பார் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளமுள்ளது. உங்கள் மரங்களில் பெரும்பகுதியை அது ஒரே இழுப்பில் கடந்துவிடும். 40 சென்டிமீட்டர் அடிமரத்தை ஒரு பக்கம் பாதி அறுத்து, மறுபக்கம் சென்று மீதியை முடிக்கலாம். நீளமான பாரில் ஒரே நேரத்தில் மரத்துக்குள் இருக்கும் பற்களின் எண்ணிக்கை கூடும். அந்தக் கூடுதல் பற்களை இழுக்க இயந்திரத்துக்குக் கூடுதல் விசை வேண்டும், பிறகு அத்தனை பற்களையும் அரம் போட்டுத் தீட்டவும் வேண்டும். இதைவிட முக்கியமானது, மரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை. 20 சென்டிமீட்டர் கட்டையை 22 அங்குல பாரால் அறுக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில் முனை மண்ணையோ கல்லையோ அடுத்த கட்டையையோ தொட்டுக்கொண்டிருக்கும். மண்ணைத் தொட்டால் செயினின் கூர் நொடியில் போகும். கட்டையைத் தொட்டால் மிஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறும்.

அடுத்தது சிசி. 30 முதல் 35 சிசி மிஷின்கள் கிளைகளுக்கும் மெல்லிய கட்டைகளுக்கும் உரியவை. 40 முதல் 45 சிசி என்பது வீட்டு விறகுக்கு நடுவாந்தரமான, பெரும்பாலோருக்குப் போதுமான அளவு. 50 சிசிக்கு மேல் போனால், ஆண்டு முழுவதும் அடிமரங்களையே அறுப்பவருக்குத்தான் அது பயன்படும். ஆனால் சிசி என்பது இயந்திர உருளையின் கொள்ளளவு மட்டுமே. அதைத் திறன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மிஷின்களை எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஸ்டில் எம்எஸ் 271, எம்எஸ் 261 ஆகிய இரண்டும் 50.2 சிசிதான். முன்னது 2.6 கிலோவாட் திறனும் 5.6 கிலோ எடையும் கொண்டது, பின்னது 3.0 கிலோவாட் தருகிறது, எடையோ 4.9 கிலோ. இரண்டாவது தொழில்முறைப் பயன்பாட்டுக்காகச் செய்யப்பட்டது, விலையும் அதற்கேற்ப உயரும். ஆகவே விவரத் தாளில் சிசியைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாமல், கிலோவாட்டையும் கிலோவையும் சேர்த்துப் பாருங்கள். அந்த எடை எரிபொருளும் பாரும் செயினும் இல்லாத வெற்று மிஷினின் எடை என்பதையும் நினைவில் வையுங்கள். தொட்டியை நிரப்பி, பாரைப் பூட்டிக் கையில் தூக்கும்போது ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் கூடியிருக்கும்.

நீங்கள் சொன்ன 58 சிசி மிஷினைப் பற்றி: மலிவு மிஷின்களில் மாடல் எண்ணாக ஒட்டியிருப்பதையே சிசி என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. உருளையின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் கையேட்டில் இருந்தால் நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 45 மில்லிமீட்டர் விட்டமும் 32 மில்லிமீட்டர் நகர்வும் என்றால் அது 50.9 சிசிதான், மேலே எத்தனை பெரிய எண் ஒட்டியிருந்தாலும் அது மாறாது. கையேட்டில் அந்த இரண்டு அளவுகளும் இல்லையென்றால் அதையே ஒரு பதிலாகக் கொள்ளலாம்.

பெட்ரோல்தான் என்று முடிவு செய்தால், என் பரிந்துரை 40 முதல் 45 சிசி, 2 கிலோவாட்டை ஒட்டிய திறன், 16 அங்குல பார். நிறுவனம் எதுவாயினும் செயின், பார், ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு, கிளட்ச் ஆகியவை உங்களுக்கு எளிதில் கிடைக்கின்றனவா என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். விறகு அறுக்கும் பருவத்தின் நடுவில் சிறு உதிரிப்பாகம் ஒன்றுக்காக மிஷின் முடங்கிக் கிடப்பதைவிட எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை.

மின்கலம் (மறுமொழி)

அடிமரம் சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நான்கைந்து கனமீட்டருக்குப் பெட்ரோல் மிஷின் தேவைதானா என்பதை யோசித்துப் பார்க்கச் சொல்வேன். பெட்ரோல் மிஷின் வாங்குபவர்களில் பலர் அதை ஆண்டில் சில நாள்கள் மட்டும் ஓட்டிவிட்டு, மீதி மாதங்களில் தொட்டியில் எரிபொருளோடு மூலையில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலிப்பதுதான் மிச்சம். கார்புரேட்டரில் படிந்த பிசினுக்கு மிஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. பேட்டரி மிஷினில் இந்தத் தொல்லை கிடையாது; விசையை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். இரண்டு அறுப்புகளுக்கு நடுவில் கட்டையைப் புரட்டிப் போடும்போது சும்மா உறுமிக்கொண்டு புகை கக்குவதும் இல்லை.

பேட்டரியை ஒப்பிடும்போது வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் வரும் வாட் மணிதான் பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு. 36 வோல்ட், 5 ஆம்பியர் மணி என்றால் 180 வாட் மணி. மோட்டார் 1 கிலோவாட்டை விடாமல் இழுத்தால் இது ஏறக்குறைய 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். கேட்பதற்கு மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் செயின் மரத்துக்குள் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு. 15 சென்டிமீட்டர் கட்டையைக் கூரான செயின் சில நொடிகளில் கடந்துவிடும். அந்தப் 11 நிமிடத்துக்குள் எத்தனை அறுப்புகள் அடங்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இரண்டு பேட்டரிகளும் வேகமான சார்ஜரும் இருந்தால் ஒன்று தீர்வதற்கும் மற்றொன்று நிரம்புவதற்கும் ஓரளவு ஈடுகொடுக்கும். அட்டையில் 20 வோல்ட் மேக்ஸ் என்றிருப்பதும் வேறொரு நிறுவனம் 18 வோல்ட் என்று எழுதுவதும் ஒரே வகைப் பேட்டரிதான். முழுதாகச் சார்ஜ் ஆன நிலையின் அளவை ஒருவர் எழுதுகிறார், சராசரி அளவை மற்றவர் எழுதுகிறார். 40 வோல்ட் மேக்ஸுக்கும் 36 வோல்ட்டுக்கும் உள்ள உறவும் இதுவே.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 40 சென்டிமீட்டர் வைரக் கட்டை பேட்டரியை விழுங்கிவிடும். அத்தகைய அடிமரம் உங்கள் குவியலில் பாதி இருந்தால் நான் பெட்ரோலுக்கே வாக்களித்திருப்பேன். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் போடக் கூடாது. இன்னொன்று, மிஷின் சத்தமில்லாமல் இருப்பதாலேயே அது அணைந்திருக்கிறது என்று கை ஏமாந்துபோகும். செயினைத் தொடுவதற்கு முன் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்துவிட வேண்டும். இதில் விதிவிலக்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

குவியல் வீட்டுக்கு அருகிலேயே இருந்தால் மின்கம்பியில் ஓடும் 2,000 வாட் மிஷினையும் எண்ணிப் பார்க்கலாம். எடையும் விலையும் குறைவு, வேலையின் நடுவில் தீர்ந்து போகும் பேட்டரியும் இல்லை. ஆனால் நீட்டிப்புக் கம்பி மெலிதாக இருந்தால் வோல்ட் இறங்கி மோட்டார் சூடேறும். வெளியிடத்துக்கு உரிய தடித்த கம்பியும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பாதுகாப்பு சுவிட்சும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

புதுக்கோடாரி

இருவருக்கும் நன்றி. 22 அங்குல ஆசையை விட்டுவிட்டேன். பெட்ரோலா பேட்டரியா என்பதில் இன்னும் ஊசலாட்டம் இருக்கிறது. குவியல் வீட்டிலிருந்து தள்ளி இருப்பதால் மின்கம்பி மட்டும் ஒத்துவராது. இப்போது வேறொரு குழப்பம். செயின் அட்டையில் 3/8, .325, 0.050, 56 என்று எண்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் எதைக் குறிக்கிறது? செயினைத் தீட்டுவது என்னைப் போன்றவரால் ஆகிற காரியமா, இல்லை மழுங்கியதும் மாற்றிவிடுவதுதான் வழக்கமா?

உருண்டை அரம் (மறுமொழி)

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விதான் இந்தத் திரியில் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி. மிஷினைப் பற்றி எத்தனை பேசினாலும் மரத்தை அறுப்பது செயினின் பற்கள்தான். கூரான செயின் பூட்டிய 35 சிசி மிஷின், மழுங்கிய செயின் பூட்டிய 60 சிசி மிஷினை எந்தக் கட்டையிலும் முந்திவிடும். ஆகவே அரம் பிடிக்கக் கற்றுக்கொள்ள விருப்பமில்லையென்றால் செயின்சாவே வாங்காதீர்கள் என்றுகூடச் சொல்வேன். மழுங்கியதும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால், காய்ந்த கடின மரத்தில் செயினுக்கே உங்கள் பணம் போய்க்கொண்டிருக்கும்.

எண்களுக்கு வருகிறேன். 3/8, .325 என்பவை பிட்ச்; அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் மையத் தூரத்தை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது, அங்குலக் கணக்கில். 0.050 என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் டிரைவ் லிங்க்கின் தடிமன், 1.3 மில்லிமீட்டர். 56 என்பது அந்த லிங்க்குகளின் எண்ணிக்கை. இந்த மூன்றும் உங்கள் பாருக்கும், செயினைச் சுழற்றும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டுக்கும் பொருந்த வேண்டும். இவற்றில் ஒன்று மாறினாலும் செயின் சரியாக உட்காராது. பாரின் பின்புறத்தில் இந்த அளவுகளைப் பொறித்திருப்பார்கள். வழக்கமான செயினில் இரண்டு டிரைவ் லிங்க்குக்கு ஒரு பல் வரும். ஆகவே 56 லிங்க் செயினில் 28 பற்கள், இடப்பக்கம் 14, வலப்பக்கம் 14. சிறு மிஷின்களில் வருவது பெரும்பாலும் லோ புரொஃபைல் எனப்படும் தாழ்வான 3/8 வகை. அதே 3/8 எண் பெரிய மிஷின்களின் உயரமான செயினுக்கும் உண்டு. அந்த இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. வாங்கும்போது இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பற்களில் ஃபுல் சிசெல், செமி சிசெல் என்று இரு வகைகள் உண்டு. முதலாவதன் மூலை சதுரமாக இருக்கும். பச்சை மரத்தில், தூய்மையான கட்டையில் பறக்கும். இரண்டாவதன் மூலை சற்றே உருண்டிருக்கும். வேகம் கொஞ்சம் குறைவு, ஆனால் மண் ஒட்டிய பட்டையிலும் காய்ந்த மரத்திலும் கூர் நெடுநேரம் தாங்கும். உங்கள் குவியலுக்குச் செமி சிசெல்தான்.

இடமும் வலமுமாகப் பற்கள் மாறி மாறி வரும் இந்த அமைப்புக்குச் சுவையான ஒரு பின்னணி உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் காக்ஸ் என்பவர், அடிக்கட்டை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழு தன் தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைச் சீவிக்கொண்டு முன்னேறுவதைக் கவனித்தார். அந்தத் தாடைகளைப் பார்த்து அவர் உருவாக்கிய செயின் 1947-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நம் மிஷின்களில் ஓடுவது அதன் வழித்தோன்றல்தான். மரத்தைச் சுரண்டாமல் சீவி எடுக்கும் பல் என்பதால்தான், அதன் விளிம்பு இழைப்புளியின் உளியைப் போல இருக்க வேண்டியிருக்கிறது.

தீட்டுவது கடினமன்று. தாழ்வான 3/8 செயினுக்கு 4.0 மில்லிமீட்டர் உருண்டை அரம், .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர், பெரிய 3/8 செயினுக்கு 5.5 மில்லிமீட்டர். அரத்தோடு கோணம் காட்டும் ஒரு வழிகாட்டித் தகடும் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான செயின்களுக்கு 30 பாகை, சிலவற்றுக்கு 25 பாகை, அட்டையில் போட்டிருக்கும். பாரை அசையாமல் பிடியில் இறுக்கி, பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி மட்டும் அரத்தைத் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது அரம் பல்லைத் தொடக் கூடாது. ஒரு பக்கத்துப் பற்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு மறுபக்கம் திரும்புங்கள். ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பற்களுக்கும் மூன்றுதான். ஒரு பக்கத்துப் பல் மறுபக்கத்தைவிட நீளமாகிவிட்டால் அறுப்பு நேராக இறங்காமல் ஒரு பக்கம் வளைந்துகொண்டே போகும். அப்படி வளைந்தால் பெரும்பாலும் தீட்டியதில்தான் கோளாறு, சிலவேளைகளில் பாரின் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும்.

எப்போது நிறுத்துவது என்று பலர் கேட்பார்கள். பல்லை வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பி, வெட்டும் விளிம்பை உற்றுப் பாருங்கள். மழுங்கியிருந்தால் விளிம்பு நெடுக மெல்லிய வெள்ளைக் கோடாக ஒளி தெறிக்கும். கூராகிவிட்டால் அந்தக் கோடு மறைந்து விளிம்பு இருளோடு முடியும். கோடு மறையும் வரை தள்ளுங்கள், அதற்கு மேல் ஒரு தள்ளும் வேண்டாம். மூன்று நான்கு முறை தீட்டிய பிறகு, பல்லுக்கு முன்னால் நிற்கும் ஆழம் காட்டும் மேட்டையும் கவனிக்க வேண்டும். பல் தேயத் தேய அதன் உயரம் குறைந்துகொண்டே வருவதால், அந்த மேடு பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கும்படி தட்டை அரத்தால் சீர்செய்ய வேண்டும். இதற்கென்றே விற்கும் அளவுத் தகட்டை வைத்துச் செய்யுங்கள். கண்ணளவில் அதிகமாகத் தாழ்த்திவிட்டால் செயின் மரத்தைக் கவ்வி இழுக்கும், எகிறுவதும் கூடும்.

வேலையின் நடுவே மரத்தூளைப் பார்த்தே செயினின் நிலையைச் சொல்லிவிடலாம். கூரான செயின் சிறு சிறு செதில்களாகத் துப்பும். மாவு போன்ற நுண்தூள் வரத் தொடங்கினால், மிஷினை அழுத்தித் தள்ளத் தோன்றினால், அப்போதே நிறுத்தி அரத்தை எடுங்கள். வைரம் பாய்ந்த காய்ந்த கட்டையில் கூரான செயினும் பச்சை மரத்தைவிடப் பொடித்துத்தான் தள்ளும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். அங்கே அழுத்தத் தோன்றுகிறதா என்பதே நம்பகமான அடையாளம்.

செயின் ஆயிலைப் பற்றி ஒரு வரி. வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அதில் உலோகத் துகள்கள் மிதக்கின்றன. உடம்புக்கும் மண்ணுக்கும் கேடு, அதை மிஷின் தூவலாக உங்கள் மேலேயே தெளிக்கிறது. செயினுக்கென்று வரும், ஒட்டிப்பிடிக்கும் ஆயிலையே ஊற்றுங்கள். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் முனையை வெளிர்நிறமான கட்டை ஒன்றுக்கு மேலே சற்று உயர்த்திப் பிடித்து மிஷினை முடுக்குங்கள். கட்டையின் மேல் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

காப்பு (மறுமொழி)

செயின், பார், பேட்டரி எல்லாம் பேசியாயிற்று. இதற்கு முன் மிஷினைத் தொட்டதே இல்லை என்று ஒருவர் எழுதியிருக்கும்போது, காப்புக் கால்சட்டையையும் தலைக்கவசத்தையும் யாரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. வாங்கும் பட்டியலில் மிஷினுக்கு முன் இவற்றுக்குப் பணம் ஒதுக்குங்கள். மீதமிருப்பதில் மிஷின் வாங்குங்கள்.

செயின்சாவுக்கென்று செய்யப்படும் கால்சட்டையிலும், சாதாரணக் கால்சட்டைக்கு மேல் கட்டிக்கொள்ளும் மேல்சுற்றிலும் நீண்ட இழைகள் பல அடுக்குகளாக வைக்கப்பட்டிருக்கும். செயின் பட்டதும் அந்த இழைகள் உருவிக்கொண்டு போய் ஸ்பிராக்கெட்டில் சுற்றி, ஓட்டத்தை நிறுத்திவிடும். செயின் வேகத்தை வைத்து இவற்றுக்கு வகுப்பு உண்டு: முதல் வகுப்பு நொடிக்கு 20 மீட்டர், இரண்டாம் வகுப்பு 24, மூன்றாம் வகுப்பு 28. உங்கள் மிஷினின் செயின் வேகத்தை விவரத் தாளில் பார்த்து அதற்கு ஏற்றதை வாங்குங்கள். மின்கலம் நண்பருக்கும் ஒரு குறிப்பு: மின்மோட்டாரின் முறுக்குவிசை தொடக்கத்திலிருந்தே மிகுதி என்பதால், பெட்ரோல் மிஷினை நிறுத்துவதுபோல இந்த இழைகள் அதை நிறுத்திவிடும் என்று முழுதாக நம்பியிருக்க இயலாது. சத்தம் குறைவான மிஷினைப் பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம்.

சத்தத்தைப் பற்றியும் கணக்கிலேயே சொல்கிறேன். 85 டெசிபெல் சத்தத்தை நாளுக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்று வைத்து, ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரத்தைப் பாதியாக்கிக்கொண்டு போனால், 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான் மிஞ்சுகிறது. பெட்ரோல் செயின்சா பிடிப்பவரின் காதருகே அதைத் தாண்டுவது வழக்கம். அதிர்வுக்கும் இதே போன்ற கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் வகுத்த விதியில், கைக்கு வரும் அதிர்வு 8 மணி நேரச் சராசரியில் 2.5 மீட்டர்/நொடி² என்ற அளவை எட்டினால் வேலை தருபவர் நடவடிக்கை எடுக்க வேண்டும். 5-ஐத் தாண்டவே கூடாது. 5 என்று குறிப்பிட்ட மிஷினைப் பிடித்தால் 2 மணி நேரத்தில் அந்த முதல் அளவை எட்டிவிடுவீர்கள். 7 என்றால் ஏறத்தாழ 1 மணி நேரத்தில். சொந்த விறகு அறுப்பவரை எந்த விதியும் தடுக்காது. ஆனால் விரல் நரம்பும் இரத்தக் குழாயும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரே திறனுள்ள இரண்டு மிஷின்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் அதிர்வு குறைந்ததையே எடுங்கள்.

கிக்பேக் எனப்படும் எகிறல், பாரின் முனையின் மேல் கால்பகுதி எதையாவது தொடும்போது நிகழ்கிறது. கை உணர்வதற்குள் பார் மேல்நோக்கிப் பின்னால் வந்துவிடும். அப்போது செயினை நிறுத்துவதற்காக முன்கைப்பிடிக்கு முன்னால் செயின் பிரேக் இருக்கிறது. அது இல்லாத மிஷினை, பழையதாயினும் மலிவாயினும், வாங்க வேண்டாம். இடதுகைப் பெருவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைந்திருக்க வேண்டும்; பாரின் நேர்க்கோட்டில் தலை இருக்கக் கூடாது; தோளுக்கு மேலே மிஷினைத் தூக்கக் கூடாது. கயிற்றை இழுக்கும்போது பிரேக்கைப் போட்டு, மிஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் காலை ஊன்றிக்கொள்ளுங்கள். மிஷினைக் கையில் தொங்கவிட்டபடி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துப் பழக வேண்டாம்.

குவியலை அறுக்கும்போது கட்டை எங்கே தாங்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு பாரை வையுங்கள். இரண்டு முனையும் தாங்கப்பட்டு நடுப்பகுதி தொங்கினால், மேல்பக்கம் நெருக்கத்தில் இருக்கும். மேலிருந்தே முழுவதும் அறுத்தால் பிளவு மூடிக்கொண்டு பாரைக் கவ்விவிடும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக முடியுங்கள். ஒரு முனை மட்டும் தாங்கப்பட்டு மறுமுனை அந்தரத்தில் இருந்தால் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பார் மாட்டிக்கொண்டால் மிஷினை அணைத்துவிட்டுப் பிளாஸ்டிக் ஆப்பு அடித்துப் பிளவை விரியுங்கள். இரும்பு ஆப்பு வேண்டாம், செயின் அதைத் தொட்டால் பற்கள் போய்விடும். இயன்றவரை கட்டைகளை முட்டுச்சட்டத்தின் மேல் ஏற்றி இடுப்பளவில் அறுத்தால் மண்ணும் ஒட்டாது, முதுகும் பிழைக்கும்.

புதுக்கோடாரி

பட்டியல் இப்போது தெளிவாகிவிட்டது. குவியலில் அடிமரங்கள் சிலவே என்றாலும் அவை எல்லாம் கடின மரமாக இருப்பதால் 42 சிசி பெட்ரோல் மிஷின், 16 அங்குல பார், செமி சிசெல் செயின் இரண்டு, 4.0 மில்லிமீட்டர் அரம், முதல் வகுப்புக் கால்சட்டை, முகத்திரையும் காதுமூடியும் உள்ள தலைக்கவசம் என்று முடிவு செய்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: எரிபொருளை எந்த விகிதத்தில் கலப்பது, பருவம் முடிந்ததும் மிஷினை எப்படி எடுத்து வைப்பது? மின்கலம் சொன்ன தோள்வலி எனக்கு வேண்டாம்.

அடிமரம் (மறுமொழி)

கையேட்டில் 50:1 என்றிருந்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் டூ ஸ்ட்ரோக் ஆயில். 25:1 என்றிருந்தால் 40 மில்லிலிட்டர். சந்தேகத்துக்குக் கொஞ்சம் கூட ஊற்றுவோம் என்று கையேட்டை மீற வேண்டாம். கூடினால் புகையும் கரியும், குறைந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து. தொட்டிக்குள் நேரடியாகக் கலக்காமல் தனிக் கலனில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் அளவுக்கு மட்டும் கலக்குங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பழைய கலவையைக் கஞ்சத்தனம் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். எரிபொருள் ஊற்றும் ஒவ்வொரு முறையும் செயின் ஆயிலையும் நிரப்புங்கள்.

பருவம் முடிந்ததும் தொட்டியை வடித்துவிட்டு, மிஷினை முடுக்கி அது தானாக அணையும் வரை ஓடவிடுங்கள்; கார்புரேட்டரில் எஞ்சியிருப்பதும் தீர்ந்துவிடும். ஏர் ஃபில்டரைத் தட்டிக் கழுவி உலரவையுங்கள். பாரைக் கழற்றி, பள்ளத்தில் எண்ணெயோடு இறுகியிருக்கும் மரத்தூளைத் தகட்டால் சுரண்டி எடுத்து, ஆயில் துளையைக் குத்திவிட்டு, மீண்டும் பூட்டும்போது மேல்பக்கம் கீழே வருமாறு பாரைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். செயினை இறுக்கும்போது பாரின் முனையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும், பிரேக்கை விடுவித்துக் கையுறைக் கையால் இழுத்தால் தடையில்லாமல் சுற்றவும் வேண்டும். புதுச் செயின் முதல் சில கட்டைகளிலேயே தளர்ந்துவிடும்; அப்போது மிஷினை அணைத்து, செயின் ஆறியதும் மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால் ஆறியதும் சுருங்கி பாரைக் கவ்விக்கொள்ளும்.